அப்பா செய்யாத பாவம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே கைகால் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்து சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் முதல் வேண்டுதல். "நானும் அப்பாவும்" என்று படித்ததும் நீ புருவத்தைத் தூக்குவாய் என்று தெரியும். இத்தனை வருடமாக என் கடிதங்களில் அந்த வார்த்தை வந்ததே இல்லை, இப்போது ஏன் வருகிறது என்று சொல்லத்தான் ஒரு கட்டுத் தாள் வாங்கி வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் போனில் நான் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன், இரண்டுமே உனக்குப் பிடிக்காது. முதலில் வீட்டுச் செய்தி. தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. சமையலறைக் குழாய் இப்போது ஒழுகுவதில்லை, அதற்குப் பதிலாகக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. ஆலையில் எங்கள் நூல் சுற்றும் பகுதிக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது, பழையதைவிட இரண்டு மடங்கு சத்தம், அதற்கு மேலே கத்திக் கத்தி என் தொண்டை இப்போது ஊதுகுழல் மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தொண்டையும் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. துறைமுக அலுவலகத்தில் நாற்பது பேருக்கு மேலே உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் ஆலைக் கேன்டீனில் ஒருத்தர் விடாமல் சொன்னேன், தேநீர் வாங்கிக் கொடு என்றார்கள், வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்தாயே, கடவுள் என்னோடு இருக்கிறார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், அப்பா செய்ததற்கு அப்பாவுக்குக் கிடைத்தது, நான் நேராக நடந்ததற்கு எனக்குக் கிடைத்தது என்று, அந்த வரியை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. அது உன் வரி இல்லை கண்ணு, உன் பெரியப்பாவின் வரி. நீ கடல் தாண்டிப் போனாலும் அந்த மனிதர் உன் பேனாவுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து அந்தக் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

என் அக்காவைக் கட்டியவர் என்பதால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு நினைவிருக்கும், டயர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பதினொரு பேரை வைத்து ஜெபம் நடத்த ஆரம்பித்தவர். அப்போது நல்ல மனிதர்தான், பொய் சொல்ல மாட்டேன். பதினொன்று நூறானது, நூறு எழுநூறானது, கொட்டகை போய்க் கூடம் வந்தது, கூடத்துக்கு மாடி வந்தது. ஆள் கூடக் கூட அவருடைய பேச்சும் மாறிக்கொண்டே வந்தது. கடவுள் இருக்கிற இடத்தில் வளர்ச்சி இருக்கும், வளராத வீட்டில் ஒளித்து வைத்த பாவம் இருக்கும், தோண்டிப் பாருங்கள் என்று வாராவாரம் சொன்னார். நாமும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினோம், அப்பாவின் கண்ணாடிக் கடை அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்ததல்லவா, ஆட்டுவதற்கு என்ன கஷ்டம். அந்தப் புது மாடிக்கு ஜன்னல் கண்ணாடி அத்தனையும் அப்பாதான் இலவசமாகப் போட்டார். திறப்பு விழாவுக்கு முதல்நாள் காலையில், கடைசிக் கண்ணாடியைப் பொருத்தும்போது, சாரத்தின் மேல்தட்டுப் பலகை புரண்டு கீழே விழுந்தார். இடுப்பும் தொடையும் போனது. விழா நடந்தது. ஆறு மாதத்தில் கடை போனது.

பிறகு நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் பாதிதான் பார்த்தாய். கடவுளின் வீட்டிலேயே, கடவுளின் வேலையிலேயே ஒருவர் விழுந்தால் ஊர் கேட்குமே, ஐயா, உங்கள் கடவுள் எங்கே போனார் என்று. அந்தக் கேள்வி தன் மேல் வராமல் இருக்க உன் பெரியப்பா அதை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார். மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வாரம் இரண்டு தடவை வந்து கட்டிலைச் சுற்றி நின்று, ஒளித்து வைத்ததைச் சொல்லு, சொன்னால்தான் கால் வரும் என்று ஜெபம் செய்தார். இரண்டு மாதம் அப்பா ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் முன்னால் வைத்தார்கள், அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஜன்னல் போடப் போன ஒரு வீட்டில் ஒரு பெண்ணோடு தவறாகப் பழகினேன் என்று சொன்னார். நீ எழுந்து வெளியே போனாய். அன்று பேச்சை நிறுத்தியவள்தான், படிப்பு முடிந்ததும் முதலில் கிடைத்த வேலைக்குக் கப்பல் ஏறிவிட்டாய். நான் எங்கே போவது, இருந்தேன். சமைத்துப் போட்டேன், குளிப்பாட்டினேன், ஆனால் அடுத்த அறையில் படுத்தேன். சாப்பாடு இருக்கிறது, மருந்து இருக்கிறது, இந்த இரண்டு வாக்கியத்தைத் தவிர அவரிடம் ஒன்பது வருடம் நான் வேறொன்றும் பேசவில்லை. ஆலைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போவேன். இந்த ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தானே கண்ணாடி போட்டவர். இந்த ஜன்னலா, அந்த ஜன்னலா, பூத்தொட்டி வைத்த ஜன்னலா, திரை போட்ட ஜன்னலா என்று. ஒரு வீட்டில் ஒருத்தி ஜன்னலைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தப் பாவப்பட்டவள் என்னை என்ன செய்தாள், அவளை ஒரு வருடம் மனதுக்குள் சபித்தேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஆலைக் கூரையைப் பழுது பார்க்கச் சாரம் கட்ட ஆள் வந்தார்கள். அதில் வயதான ஒருவர் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்து, கண்ணாடிக்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கூடத்து மாடிக்கும் சாரம் கட்டியது அவர்தானாம். ஏதோ இருக்கிறார் என்றேன். அவர் தேநீரைக் குடிக்காமலே பேசினார். விழா மேடையில் மாட்டக் கூடத்தின் முகப்பைப் படம் எடுக்க வேண்டும், சாரம் மறைக்கிறது, முன்பக்கத்துக் குறுக்குக் கட்டைகளை எல்லாம் கழற்று என்று உன் பெரியப்பா சொன்னாராம். இவர், மேலே இன்னும் கண்ணாடி வேலை பாக்கி இருக்கிறது, குறுக்குக் கட்டை இல்லாமல் பலகை நிற்காது, ஆள் ஏறக் கூடாது என்றாராம். அதற்கு அவர் சொன்ன பதிலை இந்த மனிதர் ஒன்பது வருடமாக மறக்கவில்லை. "கடவுள் வேலைக்கு ஏறுறவனுக்கு உன் கட்டை எதுக்குய்யா? கழட்டு." கழற்றினார்கள், படம் எடுத்தார்கள், திரும்பப் பூட்டவில்லை, மறுநாள் காலையில் அப்பா ஏறினார். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலயே கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லிட்டேனேம்மா. உறவுக்குள்ள பகை வரும், வெளிய சொல்ல வேணாம்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு."

வேலை முடிய இரண்டு மணி நேரம் இருந்தது, நான் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பா முன்னறையில் உட்கார்ந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை அறுத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தச் சின்ன வேலைகள்தான் செய்கிறார். அந்தப் பொம்பளை யார் என்று வாசலில் நின்றபடியே கேட்டேன். கோடு பாதியில் நின்றால் கண்ணாடி பாழாகிவிடும், அதனால் அந்தக் கோட்டை முழுக்க இழுத்து முடித்து, கண்ணாடியைத் தட்டிப் பிரித்து வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எந்தப் பொம்பள?" என்றார். நடிக்கவில்லை கண்ணு. அவருக்கு மறந்தே போய்விட்டது. நான் ஒன்பது வருடம் தெருத் தெருவாகத் தேடிய அந்தப் பெண்ணை அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு மறந்துவிட்டார், ஏனென்றால் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். அந்த வாரம் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அவரை விட்டுவிட்டு உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பாவம் தகப்பனுடையது இல்லாவிட்டால் மகளுடையதாக இருக்கும், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையனோடு நின்று சிரித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அடுத்த ஞாயிறு அவளை முன்னால் நிறுத்தலாம் என்று. "அவங்களுக்கு யாராவது ஒருத்தர் பேரு வேணும். என் பேரு சும்மாதானே படுத்துக் கிடந்துச்சு, எடுத்துக்கோங்கன்னு குடுத்துட்டேன்" என்றார். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் நீ சும்மா இருப்பாயா, கூடத்தில் போய்க் கத்துவாய், திரும்பவும் பிள்ளை பெயர்தான் சந்திக்கு வரும் என்றார். சரி, அவள் ஊரைவிட்டுப் போன பிறகு சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் அறுத்த துண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அதுக்குள்ள நீ பேசுறதையே நிறுத்திட்டியே" என்றார்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். உன் பெரியப்பாவை அவர் நிற்கிற இடத்திலேயே, அவர் ஆட்கள் முன்னாலேயே உரிக்க வேண்டும். பழியைக் கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், சொன்னவர்கள் எல்லாம் பழி வாங்க வேண்டிய தேவை இல்லாதவர்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல அடுத்த வாரமே அவர் நம் வீட்டுக்கு வந்தார். கூடத்துக்கு இரண்டாவது மாடி எழுப்பப் போகிறாராம், அதற்குப் பெரிய கூட்டமாம், அதில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். "சகலை பாவத்தை ஒத்துக்கிட்டாரு, உடனே பாரு, உன் மக எங்க போய் உக்காந்திருக்கா! இதை ஜனங்க கேக்கணும்" என்றார். உன் படம் ஒன்று வேண்டும், பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார், அவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா அத்தான் என்று கேட்டேன். கோட்டுப் போட்டு எடுத்த உன் படத்தைக் கொடுத்தேன். கதவு வரைக்கும் போய் வழியனுப்பினேன். அவ்வளவு இனிப்பாக நான் யாரிடமும் இருந்ததில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, போக வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கில் ருசி வருகிறது, அம்மா இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே. தொள்ளாயிரம் பேர் இருந்திருப்பார்கள். என் அக்கா முதல் வரிசையில். சுவரில் உன் படம், ஓர் ஆள் உயரத்துக்கு. மைக்கைக் கையில் வாங்கி, என் வீட்டுக்காரர் இந்தக் கூடத்தில் ஒரு பாவத்தைச் சொன்னார், அது அவர் செய்யாத பாவம் என்று ஆரம்பித்தேன். குறுக்குக் கட்டை என்ற வார்த்தை வந்ததும் மைக்கை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு என் ஆலையைத் தெரியாது. முப்பது இயந்திரத்துக்கு மேலே கத்துகிறவளுக்கு மைக் எதற்கு, கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்படி சொன்னேன். படம் எடுத்ததைச் சொன்னேன், என் மகளை இழுக்கப் பார்த்ததைச் சொன்னேன். கழட்டச் சொன்னது யார் என்று தெரிந்தவர் இங்கே இருக்கிறார் என்றேன், பின்வரிசையில் நான் வரச் சொல்லியிருந்த அந்தச் சாரக்காரர் எழுந்து நின்று கையைத் தூக்கினார். உன் பெரியப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்தது. உதட்டை நனைத்துக்கொண்டார். கடைசியாக அவரைப் பார்த்து, "நீங்க ஏறினதும் சாட்சி, அவர் விழுந்ததும் சாட்சின்னீங்களே அத்தான், கட்டையைக் கழட்டினது யாருன்னு சொல்லுங்க" என்றேன். படியிறங்கி நடுவழியாக நடந்து வந்தேன். கால் தரையில் படவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். நான் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் மைக்கைப் போடச் சொல்லிவிட்டார். குரல் தழுதழுக்க, பாருங்கள், காய்த்த மரத்தில்தான் கல் விழும், இவ்வளவு பெரிய தாக்குதல் வருகிறது என்றால் எவ்வளவு பெரிய ஆசீர்வாதம் வரப்போகிறது என்றாராம். கைதட்டல் தெருவுக்குக் கேட்டது. அடுத்த வாரம் கூடுதலாக நாற்காலி போட்டார்கள். இரண்டாவது மாடிக்குத் தூண் எழும்பிவிட்டது, சாரம் கட்டுகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். விலகிப் போனது மொத்தம் நான்கு குடும்பம். ஆலையில் பெண்கள் எல்லாம், நீ பார்த்துக்கொண்டே இரு, கடவுள் அந்த மாடிக்காரரைப் படுக்க வைப்பார் என்றார்கள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு இருமல் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கும். ஆம்புலன்ஸ் சத்தம் அந்தப் பக்கம் போனால் வாசலுக்கு ஓடுவேன். ஒரு நாள் அவர் படியில் சறுக்கிவிட்டார் என்று கேட்டு, கடவுளுக்குக் கண் திறந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா குனிந்த தலை நிமிராமல், "அப்போ நான் விழுந்ததுக்கும் அதே கணக்குதானே?" என்றார்.

எனக்குச் சுளீரென்றது. நான் உன் பெரியப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே அவருடைய அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் விழுந்தால் கடவுள் என் பக்கம், அவர் ஏறினால் அவர் பக்கம் என்று. அப்படியானால் இந்த ஒன்பது வருடம் கடவுள் அந்தப் பொய்யோடா இருந்தார்? கூட்டமும் மாடியும் பதவியும் கண்ணுக்குத் தெரிகிறது, மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவதை எண்ணுகிறார்கள். உன் அப்பா ஒரு பெயரைக் காப்பாற்றத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியும் பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீட்டில் ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் கண்ணாடி அறுத்தாரே, அதை எண்ணுவதற்கு யாரிடம் என்ன இருக்கிறது? அதனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் நான் செய்தது கடவுள் செய்யச் சொன்னது இல்லை, நான் செய்தது. வெறியில் செய்தேன். திரும்பச் செய்வாயா என்றால் செய்வேன். உன் பெரியப்பாவை நான் மன்னிக்கவில்லை, மன்னித்துவிட்டேன் என்று உனக்கு எழுதினால் அது அப்பா சொன்ன பாவத்தைவிடப் பெரிய பொய். ஆனால் இப்போது ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடுவதில்லை.

போன புதன்கிழமை பகலில் ஒரு காரியம் செய்தேன். அப்பாவின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். தரை துடைக்கிறவள் மட்டும்தான் இருந்தாள். ஒரு முக்காலியைப் போட்டு ஏறி உன் படத்தைக் கழற்ற ஆரம்பித்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் என் அக்கா. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை, இனிப் பேசுவாளா என்றும் தெரியாது. வந்தாள், இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். நாலு திருகாணியும் கழற்றி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். "பாத்து இறங்கு" என்றாள், அவ்வளவுதான், போய்விட்டாள். அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

படம் இப்போது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பெரியப்பா உனக்குக் கடிதம் எழுதுவார், மாடி திறப்புக்கு விருந்தாளியாக வா என்று டிக்கெட்டோடு கூப்பிட்டாலும் கூப்பிடுவார். என்ன பதில் எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், ஆனால் நீ எழுதுகிற பதிலில் காரம் கொஞ்சம் கூடிப்போனால் அம்மாவுக்கு வருத்தமில்லை. உன் பதவி உனக்குக் கிடைத்தது நீ வேலை செய்ததால், அதில் சந்தோஷப்படு, நல்ல செருப்பு ஒன்று வாங்கிக்கொள், அந்த ஊர்த் தரை ரொம்பக் குளிரும் என்று எழுதியிருந்தாயே. அதற்குக் கீழே கடவுளின் கையெழுத்தை மட்டும் நீ போடாதே. நாளைக்கு அந்த நாற்காலியை உன்னிடமிருந்து எடுத்தாலும் எடுப்பார்கள், அன்றைக்கு நீ அநாதை என்று நினைத்துவிடக் கூடாது. உனக்குக் கீழே இருக்கிற நாற்பது பேரில் யாராவது சறுக்கினால், என்ன தப்பு செய்தான் என்று கேட்பதற்கு முன்னால் அவன் நின்ற பலகையைக் குனிந்து பார்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கு, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றேன், இரண்டு தட்டு வைத்தேன். இப்போது அதிகம் பேசுகிறோம் என்று சொல்ல முடியாது, பழக்கம் விட்டுப்போய்விட்டது, ஒரு நாளைக்கு நாலு வாக்கியம், ஐந்து வாக்கியம் என்று வருகிறது. உன் கடிதத்தை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவருக்கு நேர்ந்ததைப் பற்றி நீ எழுதிய அந்த வரியை நீயே அடித்துவிட்டு வேறு கடிதம் எழுது, அதைப் படித்துக் காட்டுகிறேன்.

ஏறினாலும் இறங்கினாலும் நீ எங்கள் மகள், உன் தலைமேல் எங்கள் இருவருடைய கையும் இருக்கும், நீ நன்றாக இரு, உன்னைச் சேர்ந்தவர்களும் நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். என் எண்ணுக்கு வேண்டாம், முன்னறையில் இருக்கிற வீட்டு எண்ணுக்குச் செய், நான் எடுக்க மாட்டேன், கடைக்குப் போய்விடுவேன். அப்பா ஊன்றுகோலைத் தேடி எழுந்து அந்த மேசைக்கு நடந்து வர நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கிறதே, ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து வைத்துவிடாதே. அவர் வந்துகொண்டிருப்பார்.

உனக்காகவும் உன் அப்பாவுக்காகவும் எழுதிய,
உன் அம்மா